மூடியில் இருந்தது ஏலக்காய் இல்லை

இன்று காலையும் உங்கள் தூக்குவாளியின் மூடி வீட்டுக்கு வெளியேதான் கிடந்தது, அக்கா. அம்மா அதைத் துவைகல்லின் மேல் வைத்திருந்தார். எடுத்து மோந்து பார்த்தேன். விளிம்பு மடிந்திருக்கும் இடத்தில் இன்னமும் இரண்டு வாசனை இருக்கிறது. ஒன்று பச்சை ஏலக்காயின் காட்டம். இன்னொன்று உப்புக்கண்டம் வறுத்த எண்ணெய். நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. அந்த வாசனை எனக்கு மட்டும்தான் வருகிறதோ என்னவோ.

குமுளி போகிற சாலையில், நம் கூடலூர் முடிகிற இடத்தில், ஒரு நீளச் சுவர் இருக்கிறதே, அதில் படம் வரையும் வேலை எனக்கு வந்தது. கேரளாவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் காரில் இருந்தபடியே பார்க்க வேண்டுமாம். "ஊர்ப் பாட்டு, ஊர்ச் சாப்பாடு, ஊர்க் கலை, மூணும் சேந்து நம்ம அடையாளம் பளிச்சுன்னு தெரியணும்" என்றார் விழாக் குழுத் தலைவர். அந்தத் திராட்சை வியாபாரியேதான். உங்களுக்கு அவர் மறந்திருக்க மாட்டார். காளை, திராட்சைக் கொத்து, அருவி, ஏலக்காய்க் கூடையோடு சிரிக்கும் பெண்கள் என்று மாதிரிப் படங்களையும் கையில் கொடுத்தார். அந்தப் பெண்கள் எல்லோரும் ஒரே நிறத்தில் சேலை கட்டியிருந்தார்கள். ஒருத்தி கையிலும் கறை இல்லை.

அந்தப் படங்களைப் பார்த்ததும் எனக்கு உங்கள் ஜீப்தான் நினைவுக்கு வந்தது.

கல்லூரி விடுமுறைகளில் நானும் அம்மாவோடு அந்த ஜீப்பில் ஏலக்காய் பறிக்க மலைக்கு வந்திருக்கிறேன். விடியும் முன்பே வண்டி வந்துவிடும். அம்மாவும் எங்கள் தெருப் பெண்களும் நடு இருக்கையில் நெருக்கி உட்காருவார்கள். நீங்களும் உங்கள் காலனிப் பெண்களும் பின்னால், கதவோரம். யாரும் அப்படி உட்காரச் சொன்னதில்லை. யாரும் மாற்றி உட்கார்ந்ததும் இல்லை. எல்லோருடைய தூக்குவாளியும் உங்கள் காலடியில் சேரும். கதவுக்கு வெளியே பாதி உடம்பு தொங்க, நீங்கள் ஒரு காலால் வாளிகளை அணைத்துக்கொண்டு வருவீர்கள்.

லோயர் கேம்ப் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் ஓட்டுநருக்கு அவசரம் வந்துவிடும். நம்மை இறக்கிவிட்டு இரண்டாவது நடைக்குத் திரும்ப வேண்டுமே. அப்போதுதான் நீங்கள் பாட்டை எடுப்பீர்கள். தலை முந்தானையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, இழுத்து, நிதானமாக:

வளைவு வருது தம்பி – மெல்லப் போ
வயித்துல ஒருத்தி சுமக்குறா – மெல்லப் போ
அவிச்ச கிழங்கு வாளியில – மெல்லப் போ
அவிக்க வேற ஆளுமில்ல – மெல்லப் போ

மொத்த ஜீப்பும் "மெல்லப் போ" சொல்லும். அப்படியும் அவன் வேகத்தைக் குறைக்கவில்லை என்றால் நீங்கள் கடைசி அடியை எடுப்பீர்கள். "ஒன் ஆத்தாளும் இதுலதான் வந்தா, மெல்லப் போ." அதற்கு மேல் எந்த ஓட்டுநராலும் ஆக்சிலேட்டரை மிதிக்க முடியாது. கழுத்து சிவந்துபோய், கியரை மாற்றி, வளைவில் நத்தையாக ஊர்வான். போலீஸ் சொல்லி நடக்காதது உங்கள் பாட்டில் நடந்தது. பொழுதுபோக்கப் பாடுகிறீர்கள் என்று முதல் நாள் நினைத்தேன். பிரேக் பிடிக்கப் பாடுகிறீர்கள் என்று நான்காவது வளைவில் புரிந்தது.

செக்போஸ்ட் தாண்டித் தோட்டத்தில் இறங்கிய பிறகு நடப்பதுதான் எனக்கு முதலில் நம்ப முடியாததாக இருந்தது. மதியம் மணி அடித்ததும் உங்கள் வாளி மூடியைக் கவிழ்த்து நடுவில் வைப்பீர்கள். அதில் உங்கள் உப்புக்கண்டம் விழும். வீட்டுக் கூரையில் காயவைத்து, சின்ன வெங்காயமும் வத்தலும் போட்டுக் கருகக் கருக வறுத்த மாட்டுக்கறி. மற்றவர்கள் தங்கள் பங்குக்குத் துவையல், கருவாடு, ஊறுகாய் என்று எதையாவது அதே மூடியில் வைப்பார்கள். சுற்றி உட்கார்ந்து எல்லாக் கையும் ஒரே மூடிக்குள் போகும். வேலையை மேற்பார்க்க வரும் மலையாளத்துக் கங்காணி சேட்டனும் "ஒரு கஷணம் தா சேச்சி" என்று ஒரு துண்டு கேட்டு வந்து நிற்பார். அம்மாவின் கையும் போகும். மணிக்கட்டில் தேள் பச்சை குத்திய கை. எங்கள் வீட்டில் அந்தக் கறியின் பெயரைச் சொன்னாலே வாயைக் கழுவச் சொல்கிற அம்மா, அங்கே எலும்பைக் கடித்துக்கொண்டே, "ஏத்தா, இன்னிக்கு உப்புக் கூடிப்போச்சு" என்று உங்களிடம் குறை சொல்லுவார்.

நான் வாயைப் பிளந்து பார்த்ததை நீங்கள் கவனித்துவிட்டீர்கள்.

"என்ன பாப்பா முழிக்கிற? செக்போஸ்ட்ல கஞ்சா இருக்கா, சாராயம் இருக்கான்னு போலீஸ்காரன் தேடுறான். சாதிய மட்டும் நாமளே எறக்கி வச்சிட்டு வந்துர்றோம். சாயங்காலம் போறப்ப ஏத்திக்கிருவோம். அங்கனயேதான் கெடக்கும். எவனும் களவாண்டுட்டுப் போக மாட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தார்.

அந்த வாரமே நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள், அம்மாவுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு. அம்மா உங்களை வாசலில் நிற்கவைத்தே பேசினார். என்னை அனுப்பிக் கடையில் காகிதக் கப் வாங்கிவரச் சொன்னார். அதில் காப்பி கொடுத்தார். நீங்கள் குடித்துவிட்டுக் கப்பைக் கசக்கி உங்கள் பையிலேயே போட்டுக்கொண்டு, "வாரேன் மதினி" என்று போய்விட்டீர்கள். நான் அம்மாவோடு சண்டை போட்டேன். "அது வேறடி, இது வேறடி" என்றார் அம்மா. மறுநாள் ஜீப்பில் உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். "நீ ஏன் கேக்குற அத? ஒங்காத்தா கேக்கட்டும். கேக்கமாட்டா. ஆனா மத்தியானம் மொத ஆளா மூடிக்கு வருவா, பாரு" என்றீர்கள். வந்தார்.

அதன் பிறகுதான் ஊரில் அந்தப் பண்பாட்டுத் திருவிழா. நம் ஊர்ச் சாப்பாட்டுக்கு ஒரு தெரு முழுக்கக் கடைகள், மேடையில் நம் ஊர்ப் பாட்டு, ஆட்டம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்கள். நீங்கள் என்னைக் கூட்டிக்கொண்டு விழாக் குழு அறைக்குப் போனீர்கள். உங்களுக்கு ஒரு கடை வேண்டும். மலையில் எல்லோரும் தின்கிற கறியை நம் ஊர் வெளிச்சத்திலும் ஒரு நாள் தின்னட்டும் என்று உங்களுக்கு ஆசை. அவ்வளவுதான்.

"என்ன கடை போடப் போற?" என்றார் திராட்சை வியாபாரி.

"உப்புக்கண்டம்ங்க."

"ஆட்டுக்கறியா?"

"ஆட்ட வாங்கி உப்புப் போட்டு வைக்கிற அளவுக்கு எங்கள்ட்ட என்ன இருக்கு? மாடுதான்."

அறையில் இருந்தவர்கள் நாற்காலியில் நெளிந்தார்கள். "இது குடும்பத்தோட வர்ற எடம்" என்றார் அவர்.

"நாங்களும் குடும்பம்தாங்க."

"அதச் சொல்லல. பொதுவா நம்ம ஊருன்னு ஒண்ணு இருக்குல்ல. கம்பங்கூழ் போடு. பணியாரம் போடு. நாங்களே எடம் ஒதுக்கித் தாரோம்." பிறகு குரலைக் கனிவாக்கிக்கொண்டு, "நீ நல்லாப் பாடுவயாமுல்ல. ஜீப்புப் பாட்டாமே. அத மேடையில பாடு. ஊரே கேக்கட்டும்" என்றார்.

நீங்கள் அவரை நேராகப் பார்த்துக் கேட்டீர்கள். "எங்க வாயில இருந்து வர்றது வேணும். வாய்க்குள்ள போறது மட்டும் வேணாமாக்கும்?"

நாம் வெளியே வந்துவிட்டோம். அந்த வாசலில் பணியாரக் கடைக்கு இடம் கேட்டு எங்கள் தெருப் பெண்கள் நின்றிருந்தார்கள். ஜீப்பில் வருகிறவர்களேதான். அம்மாவும் அவர்களில் ஒருவர். உள்ளே நடந்த பேச்சு அவர்கள் காதில் விழுந்திருக்கும். ஒருத்தி செருப்பு வாரைச் சரிசெய்தாள். அம்மா பக்கத்துக் கடைப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும்.

நீங்கள் பாட மறுத்தால் பாட்டு நின்றுவிடுமா? ஜீப்பில் யாரோ போனில் பதிந்து வைத்திருந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்கு அதைப் போட்டுக் காட்டிப் பழக்கினார்கள். இழுத்துப் பாடினால் கூட்டம் கலைந்துவிடும் என்று வேகத்தைக் கூட்டினார்கள். தாளத்துக்கு எடுபடவில்லை என்று "மெல்லப் போ"வை "சீறிப் போ" ஆக்கினார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரியையும் கிழங்கையும் தூக்கிவிட்டார்கள். ஓட்டுநரின் ஆத்தாளையும் தூக்கிவிட்டார்கள். மேடையில் ஒரே நிறச் சேலையில், பிளாஸ்டிக் கூடையோடு பிள்ளைகள் குதித்தார்கள். விசில் பறந்தது. "இதுதான் நம்ம பள்ளத்தாக்கோட உசிரு" என்று அறிவிப்பாளர் தொண்டை கிழியக் கத்தினார்.

நாம் கடைசி வரிசையில் நின்றிருந்தோம். நீங்கள் சிரித்துவிட்டீர்கள். "இந்த வேகத்துல போனா ரெண்டாவது வளைவுலயே போய்ச் சேந்துருவோம் பாப்பா" என்றீர்கள்.

அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. உங்களை அல்ல. சிரித்துவிட்டு நாம் வீட்டுக்குப் போனதை.

அந்த ஆட்டம் எல்லோர் போனிலும் சுற்றியது. அந்த மழைக்காலத்தில் உங்கள் ஜீப்புக்கு ஒரு புது ஓட்டுநர் வந்தான். முன்னால் பெரிய ஸ்பீக்கர் மாட்டியிருந்தான். மலை ஏறும்போது மலைப் பாட்டுதானே போட வேண்டும் என்று அதையே போட்டான். உங்கள் பாட்டையே.

நடந்ததை அம்மா எனக்கு ஒரே ஒரு முறை சொன்னார், கையில் மாவுக்கட்டோடு, சுவரைப் பார்த்துக்கொண்டு. "மழை பேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அவன் மிதிமிதின்னு மிதிச்சான். மெல்லப் போடான்னு நாங்க கத்துனோம், காதுலயே வாங்கல. அவ பாட்ட எடுத்தா. நான் திரும்பிப் பாத்தேன். வாய் அசஞ்சுச்சு. சத்தம் கேக்கல. அந்தக் கருமம்புடிச்ச ஸ்பீக்கர்தான் கேட்டுச்சு."

வளைவில் வண்டி கவிழ்ந்தது. கதவோரம் இருந்தவர்கள்தான் முதலில் வெளியே விழுந்தார்கள். கதவோரம் யார் இருப்பார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

பாட்டு உங்களைக் கொன்றது என்று நான் எழுதமாட்டேன். அது கவிதையாகிவிடும். தேய்ந்த டயர் கொன்றது. இரண்டாவது நடை கொன்றது. இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு ஆட்களை அடைத்த வண்டி கொன்றது. அதைத் தினமும் செக்போஸ்டில் பார்த்துக் கையைக் காட்டி அனுப்பியவர்கள் கொன்றார்கள். ஆனால் இத்தனைக்கும் எதிராக உங்களிடம் இருந்தது அந்த ஒரு பாட்டுதான். அதையும் ஊர் அழகு பார்க்க எடுத்துக்கொண்டது.

மறுநாள் நான் அந்த வளைவுக்குப் போனேன். உங்கள் மகளும் வந்திருந்தாள். சரிவில் கிடந்ததை எல்லாம் பொறுக்கிச் சாலையோரம் வைத்திருந்தார்கள். ஒற்றைச் செருப்புகள், இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் தாள்கள், நசுங்கிய வாளிகள். உங்கள் வாளி தட்டையாகிவிட்டிருந்தது. மூடிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. உங்கள் மகள் அதை என்னிடம் நீட்டி, "நீங்க வச்சுக்கங்கக்கா. இத வீட்டுல வச்சுப் பாக்க என்னால முடியாது" என்றாள்.

அடுத்த திருவிழாவில் மலையில் இறந்த பெண்களுக்கு அஞ்சலி என்று சொல்லி, மெழுகுவர்த்தி ஏற்றி, அதே பாட்டை அதே வேகத்தில் மறுபடி ஆடினார்கள். நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது சுவருக்கு வருகிறேன்.

காளை வரைந்தேன். திராட்சை வரைந்தேன். கூலி வாங்கும் வேலை, வரையத்தான் வேண்டும். பெண்கள் இருக்க வேண்டிய இடத்தில் நான் சிரிக்கும் கூடைக்காரிகளை வரையவில்லை. ஏலச் செடிகளுக்கு நடுவே ஒரு மூடியை வரைந்தேன். உங்கள் மூடியை எதிரில் வைத்துக்கொண்டே வரைந்தேன். அதைச் சுற்றிக் கைகள். ஏலக்காய்க் கறை ஏறிய கறுத்த கைகள். ஒரு மணிக்கட்டில் தேள் பச்சை. மூடிக்குள் கருகக் கருக வறுத்த உப்புக்கண்டம்.

மூன்றாம் நாள் தலைவர் வந்தார். அம்மா எனக்கு மதியச் சோறு கொண்டுவந்து நிழலில் உட்கார்ந்திருந்தார்.

"மூடிக்குள்ள என்னம்மா கருப்பா?"

"உப்புக்கண்டம்."

"ஆடுதான?"

"மாடு."

"அட, சுவத்துல வரஞ்சா ஆடென்ன மாடென்ன, எல்லாம் கருப்பாத்தான் இருக்கப் போகுது. நீ எதுக்கு வாயத் தொறந்து சொல்ற?"

"கேட்டீக. சொன்னேன்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ இங்கன சொன்னத நாளைக்கு நாலு பேருகிட்ட சொல்லுவ. எவனாவது போட்டோ எடுத்துப் போடுவான். ஊர் மானம் போயிரும்." அம்மா பக்கம் திரும்பினார். "ஏத்தா, நீ மலைக்குப் போய் வந்தவதான? நீயே சொல்லு. நம்ம வீட்டுப் பொம்பளைக அங்கன போயி இதத் திங்கிறாகளா?"

அம்மா எழுந்து நின்றார். ஜீப் கவிழ்ந்ததில் முறிந்த அந்தக் கை கோணலாகக் கூடிவிட்டது. தேள் பச்சை இப்போது உள்பக்கம் பார்த்துத் திரும்பியிருக்கிறது. அதே கை நேராக, பெரிதாக, அம்மாவின் தலைக்கு மேல் சுவரில் இருந்தது. நிமிர்ந்தால் தெரியும். நிமிரவில்லை.

நான் காத்திருந்தேன். நீங்களும் அங்கே எங்கேயோ நின்று காத்திருப்பதாகத் தோன்றியது. ஒரு சொல் போதும் உங்களுக்கு. "ஆமா" என்ற ஒரு சொல்.

"அதெல்லாம் இல்லீங்க" என்றார் அம்மா. "நாங்க அவுககூட ஒண்ணா உக்காந்ததே இல்லீங்க."

நான் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு, உங்கள் மூடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மிச்ச வேலைக்குத் தேனியில் இருந்து வேறு ஒருவரைக் கூட்டிவந்தார்கள். நான் வரைந்த கைகளை அவர் அழிக்கவில்லை. மூடிக்குள் மட்டும் பச்சைப் பசேலென்று ஏலக்காயை நிரப்பிவிட்டார். இப்போது நம் ஊர்ச் சுவரில் சில பெண்கள் ஏலக்காயைச் சோறு போல அள்ளித் தின்றுகொண்டிருக்கிறார்கள். கார்க்காரர்கள் இறங்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு நாள் ஜீப் அங்கே நின்றபோது ஒருத்தி கேட்டாளாம்: "யாருடி இவளுக, பச்சக் காய அள்ளித் திங்கிறாளுக? வயிறு எரிஞ்சு சாகப் போறாளுகளா?" ஜீப்பே சிரித்ததாம். அம்மா மட்டும் சிரிக்கவில்லையாம்.

ஆமாம், அம்மா மறுபடி மலைக்குப் போகிறார். கோணல் கையோடு. வேறு வழி இல்லை. அந்த ஜீப்பில் வருகிற பக்கத்து வீட்டு அக்கா சொன்னதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். முதல் நாளே அம்மா ஓட்டுநரிடம், "அந்த ஸ்பீக்கர அமத்துறியா, இல்ல நாங்க எறங்கி நடக்கட்டுமா?" என்றாராம். வளைவு வந்ததும் பாட்டை அம்மாதான் எடுக்கிறாராம். உங்கள் பாட்டு, உங்கள் இழுவை, ஓட்டுநரின் ஆத்தாள் வரைக்கும். மூடிதான் இல்லையாம். மதியம் அவரவர் வாளியை அவரவர் மடியில் வைத்துக்கொண்டு, தள்ளித் தள்ளி உட்கார்ந்து தின்கிறார்களாம்.

ஊரின் அடையாளம், அடையாளம் என்று இப்போது எங்கே பார்த்தாலும் பேசுகிறார்கள், அக்கா. எனக்குத் தெரிந்தது இதுதான். உங்கள் பாட்டை எடுத்துக்கொண்டார்கள், வேகமாக்கி. உங்கள் கையை எடுத்துக்கொண்டார்கள், சுவரில். நீங்கள் தின்றதை மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. என் அம்மாவும்.

சுவரில் இருந்து கொண்டுவந்த அன்றே உங்கள் மூடியை எங்கள் அடுப்படியில், சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் வைத்தேன். காலையில் எழுந்து பார்த்தபோது அது வெளியே துவைகல்லின் மேல் இருந்தது. எடுத்து மறுபடி உள்ளே வைத்தேன். மறுநாளும் வெளியே. அன்றில் இருந்து இப்படியே நடக்கிறது. நான் உள்ளே வைப்பேன். மலைக்குக் கிளம்பும் முன் அம்மா வெளியே எடுத்து வைப்பார். நாங்கள் இருவரும் இதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. தூக்கி எறிய அம்மாவுக்கு எத்தனையோ வழி இருக்கிறது. எறியவில்லை.

இன்று காலை வெளியே கிடந்தது என்றேன் அல்லவா. இன்று முதல்முறையாகச் சாம்பல் போட்டுத் தேய்த்து, கழுவி, தண்ணீர் வடியக் கவிழ்த்து வைத்திருந்தார். கோணல் கையால் தேய்த்திருக்கிறார், ஒரு பக்கம் சாம்பல் போகாமல் ஒட்டியிருந்தது.

அதைத் துடைத்துவிட்டு, மூடியை மறுபடி சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.